ஒட்டுக் கட்டிய எஞ்சின்

பழைய பிக்கப் வண்டியின் பானெட்டைத் திறந்து, அதிலிருந்த பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, காயலான் கடைக்கு வந்த ரொட்டி வேனிலிருந்தோ சரக்கு லாரியிலிருந்தோ கழற்றிய டீசல் எஞ்சினை ஏற்றி, அதன் பின்னால் கையால் மாற்றும் கியர்பாக்ஸைப் பூட்டுவது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வேலை. நம் பட்டறைகளுக்கும் இது புதிதல்ல. பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றி மலையேற அனுப்பிய காலம் ஒன்று இங்கும் உண்டு. இந்த வேலையைப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: கம்பெனி ஒரு வண்டியை யோசித்துத்தான் செய்திருக்கும், அதைப் பிரித்து வேறொன்றைத் திணிப்பது பொழுதுபோக்குக்காரர்களின் அடம். வரலாற்றைப் புரட்டினால் காட்சி தலைகீழாக இருக்கிறது. சின்ன வண்டிகளுக்குள் டீசல் நுழைந்த வழியே இந்த மாற்றுவேலைதான். மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதுபோல, வேறு எதற்கோ பிறந்த எஞ்சினை வேறு எதற்கோ பிறந்த வண்டியில் கட்டித்தான் டீசல் பிக்கப் என்ற பொருளே உருவானது. கம்பெனிகள் செய்த மிகச் சிறந்த டீசல் பிக்கப்பும் ஒரு ஒட்டுதான்.

முதலில் ஒரு விலக்கைச் சொல்லிவிட வேண்டும். கனரக லாரிகளுக்கு இந்த வாதம் பொருந்தாது. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் சக்தி 20 குதிரை, எடை சுமார் நாலரை டன். ஒரு குதிரைக்கு 225 கிலோ இரும்பு! அப்படிப்பட்டதை நிலத்தில் ஊன்றி வைக்கலாம், கப்பலில் வைக்கலாம், சாலையில் ஓட்ட முடியாது. 1924 வாக்கில் ஜெர்மனியில் மான், பென்ஸ் போன்ற நிறுவனங்கள் டீசல் லாரியைக் கொண்டுவந்தன. 1927-இல் பாஷ் நிறுவனம் எரிபொருள் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகு லாரிக்கு டீசல் இயல்பான துணையாகிவிட்டது. அங்கே முன்னால் நடந்தது தொழிற்சாலைதான். காருக்கும் சின்ன வண்டிக்கும் வரும்போது கதை மாறுகிறது. பெட்ரோல் மலிவாகக் கிடைத்த அமெரிக்காவில், அதிர்வும் சத்தமும் எடையும் கொண்ட ஒரு எஞ்சினுக்காகப் புதிதாக ஒரு சின்ன வண்டியை வடிவமைக்க எந்த நிறுவனத்துக்கும் அவசியம் இருக்கவில்லை. அவசியம் எஞ்சின் செய்தவர்களுக்குத்தான் இருந்தது.

அந்த அவசியத்தின் முகம் கிளெஸ்ஸி கம்மின்ஸ். இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில் வில்லியம் இர்வின் என்ற வங்கி முதலாளிக்குக் கார் ஓட்டியவர். முதலாளியின் பணத்தில் 1919-இல் எஞ்சின் கம்பெனி தொடங்கினார். பத்து ஆண்டுகள் பணம் உள்ளே போனதே தவிர வெளியே வரவில்லை. 1929-இல் பங்குச் சந்தை சரிந்தபோது கம்பெனியை மூடிவிடும் நிலை. அந்த ஆண்டின் இறுதியில் கம்மின்ஸ், பழைய பேக்கார்ட் லிமோசின் ஒன்றில் படகுக்காகச் செய்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினை ஏற்றி, கிறிஸ்துமஸ் சமயத்தில் அதில் முதலாளியை உட்காரவைத்து ஓட்டினார். 1930 ஜனவரியில் அதே காரை நியூயார்க் மோட்டார் கண்காட்சிக்கு ஓட்டிப் போனார். தூரம் 792 மைல், செலவான எண்ணெய் 30 காலன், அதன் விலை 1 டாலர் 38 சென்ட். கம்பெனி பிழைத்தது. மறு ஆண்டு இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் டூசன்பெர்க் சேஸில் கம்மின்ஸ் டீசலைப் பூட்டிய கார் ஒன்று, எண்ணெய் நிரப்பக்கூட நிற்காமல் முழுத் தூரத்தையும் ஓடி 13-ஆவதாக வந்தது. இரண்டு வண்டிகளிலும் சேஸ் ஒருவருடையது, எஞ்சின் இன்னொருவருடையது. அமெரிக்கச் சாலையில் டீசல் காரின் முதல் பெரிய விளம்பரம் ஒரு பட்டறை வேலையாகத்தான் வந்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே கதை நடந்தது. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் 1932-இல் தொடங்கிய நிறுவனம் வண்டியே செய்யவில்லை. பெட்ரோல் எஞ்சின் இருக்கும் இடத்தில் உட்காரும் அளவுக்குச் சின்னதாகவும் வேகமாகச் சுற்றக்கூடியதாகவும் ஒரு டீசலைச் செய்து, மற்றவர்களின் லாரிகளுக்கு விற்பதுதான் அதன் பிழைப்பு. 1937-இல் வந்த ஆறு சிலிண்டர் பி6 எஞ்சின் அந்த வேலைக்கென்றே அளவெடுத்ததுபோல் அமைந்தது. அந்த எஞ்சின்தான் சென்னையைத் தொடுகிறது. 1950களில் சென்னை சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் உரிமத்தில் பி6 எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தியச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் பெட்ரோல் லாரிகளுக்கு அது மறுபிறவி கொடுத்தது. 1954-இல் டாடாவின் டெல்கோ நிறுவனம், டைம்லர்-பென்ஸ் கூட்டில் பிறக்கும்போதே டீசலான லாரிகள் வரத் தொடங்கின என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஒரு ஏழை நாடு தூக்கி எறிய முடியாது. பழைய சேஸ், புது எஞ்சின் என்பது அன்றைக்கு விருப்பம் அல்ல, கணக்கு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 1936-இல் மெர்சிடஸ் 260டி வந்ததே, அது தொழிற்சாலையிலிருந்து டீசலாகவே இறங்கிய கார் இல்லையா? ஆம், இறங்கியது. ஆனால் எந்த உடம்பில் இறங்கியது? அதே காலத்து மெர்சிடஸ் பெட்ரோல் கார்களின் சேஸிலும் உடலிலும்தான் அந்த 2.6 லிட்டர் டீசல் உட்கார்ந்தது. அதுவும் ஒட்டுதான். கட்டியவர் வண்டியின் சொந்தக்காரராக இருந்தார் என்பது மட்டுமே வேறுபாடு. நம் அம்பாசடர் டீசல் கதையும் அதுவே. 1950களின் இங்கிலாந்து உடலில், பெட்ரோல் எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்த 1489 சிசி டீசல் ஏறியபோது கார் டீசலானது. ஆகவே கேள்வி, தொழிற்சாலையா பட்டறையா என்பதல்ல. இந்த எஞ்சினுக்கும் இந்த உடலுக்கும் ஒட்டு பிடிக்குமா என்பதுதான்.

பிடிக்காத ஒட்டுக்கு மிகப் பெரிய சாட்சி ஒரு தொழிற்சாலையிலிருந்தே வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க நிறுவனங்களுக்கு மைலேஜ் தேவைப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ், தன் ஓல்ட்ஸ்மொபீல் பிரிவின் பெட்ரோல் வி8 எஞ்சினின் அளவுகளையும் உற்பத்தி வரிசையையும் வைத்துக்கொண்டு 5.7 லிட்டர் டீசல் ஒன்றைச் செய்து 1978 மாடலில் இறக்கியது. கார்களுக்கு மட்டுமல்ல, ஷெவர்லே பிக்கப்புக்கும் அது போனது. பிளாக்கைத் தடிமனாக்கினார்கள். ஆனால் சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அமைப்பும் பெட்ரோல் எஞ்சினில் இருந்தபடியே இருந்தன. பெட்ரோலில் எட்டுக்கு ஒன்று என்ற அளவில் இருந்த அழுத்த விகிதம் இங்கே இருபத்திரண்டுக்கு மேல். போல்ட் நீண்டது, கேஸ்கெட் போனது, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியது. எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் அமைப்பும் இல்லாததால், எண்ணெயில் கலந்திருந்த தண்ணீர் பம்பையும் இன்ஜெக்டரையும் அரித்தது. 1985-இல் அது நின்றது. மானம் போனது டீசல் என்ற சொல்லுக்கே. எத்தனையோ சொந்தக்காரர்கள் அந்த டீசலை இறக்கிவிட்டுப் பெட்ரோல் எஞ்சினை ஏற்றினார்கள். அதே சமயம் பந்தயக்காரர்கள் அந்தத் தடித்த டீசல் பிளாக்கைத் தேடி வாங்கி, அதில் பெட்ரோல் எஞ்சின் கட்டிக்கொண்டார்கள். கம்பெனி முத்திரை ஒட்டு பிடிப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அடுத்து வந்தது பிடித்த ஒட்டு. 1989-இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் கம்மின்ஸ் 6பிடி எஞ்சின் வந்தது. 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில், டர்போ, நேரடி எரிபொருள் செலுத்தல். சக்தி 160 குதிரைதான். முறுக்குவிசையோ 400 பவுண்டு-அடி, அதுவும் நிமிடத்துக்கு 1700 சுற்றுகளின் அருகிலேயே. இந்த எஞ்சின் பிக்கப்புக்காகப் பிறந்ததல்ல. விவசாய இயந்திர நிறுவனமான கேஸுடன் சேர்ந்து, டிராக்டருக்கும் கட்டுமான இயந்திரங்களுக்கும் பொருந்துமாறு 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது. வண்டியோ 1972-இல் வடிவமைத்த கிழட்டு உடல். விற்பனையில் ஃபோர்டுக்கும் ஷெவர்லேக்கும் பின்னால் தள்ளாடிக்கொண்டிருந்த பிக்கப். டிராக்டர் எஞ்சினை எடுத்துப் பதினேழு வயதுப் பிக்கப்பில் ஏற்றுவது என்பதைப் பட்டறையில் ஒருவர் செய்தால் சிரிப்பார்கள். டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் செய்தபோது அது சந்தையையே புரட்டியது. இதே எஞ்சின் குடும்பம் 1990களில் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் வழியாக இங்கும் வந்தது. டாடா 1613 டிசி என்று நெடுஞ்சாலைகளில் நாம் பார்த்த லாரியின் பானெட்டுக்குள் இருந்ததும் இந்த 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர்தான். அமெரிக்கப் பிக்கப்காரர் ஏங்கும் எஞ்சின், நம் ஊர் லாரி டிரைவருக்கு அன்றாடம்.

ஏன் இந்த ஒட்டு பிடித்தது, ஓல்ட்ஸ்மொபீல் ஒட்டு பிடிக்கவில்லை? வண்டி செய்பவரின் எஞ்சின் அவருடைய வண்டிக்கு மட்டும் பொருந்தினால் போதும். கம்மின்ஸும் பெர்க்கின்ஸும் யாருடைய இயந்திரத்திலும் உட்காரக்கூடிய எஞ்சினைச் செய்தால்தான் சோறு. அதனால் எஞ்சினின் பின்முகத்தை, அதாவது ஃபிளைவீலை மூடும் பெல் ஹவுசிங்கை, அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கத்தின் எண்ணிட்ட பொது அளவுகளில் கொடுத்தார்கள். 6பிடியின் தம்பியான நான்கு சிலிண்டர் 4பிடி, 3.9 லிட்டர், ரொட்டியும் சிப்ஸும் கொண்டுபோகும் பெட்டி வேன்களில் ஓடியது. அந்த வேன்களில் பல ஷெவர்லே சேஸ் என்பதால், அந்த எஞ்சினோடு ஷெவர்லே கியர்பாக்ஸுக்கான இணைப்புத் தட்டும் சேர்ந்தே காயலான் கடைக்கு வந்தது. மாற்றுவேலையின் பாதிக் கணக்கை எஞ்சின் செய்தவரே போட்டுக்கொடுத்துவிட்டார். மீதிப் பாதி கையால் போட வேண்டியது. 6பிடியின் எடை சுமார் 500 கிலோ, அதற்கு இடம்விடும் பெட்ரோல் வி8-ஐப் போல ஏறத்தாழ இருமடங்கு. முன் ஸ்பிரிங் மாற்றாவிட்டால் வண்டி மூக்கைத் தரையில் இடிக்கும். பெட்ரோல் எஞ்சின் காற்றைத் தடுத்துத் தடுத்து உள்ளிழுப்பதால் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டுதான் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசலில் அந்தத் தடுப்பே இல்லை, வெற்றிடமும் இல்லை. தனியாக ஒரு பம்பு வைக்காவிட்டால் பிரேக் பெடல் கல்லாய் நிற்கும்.

பிறகு கிரவுன் பினியன். 30 அங்குல டயர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 700 முறை சுற்றும். பழைய பெட்ரோல் பிக்கப்பின் 4.10 ஆக்ஸில் விகிதத்தில் நேர் கியரில் எஞ்சின் 2870 சுற்று சுற்ற வேண்டும். 2500, 2700-க்கு மேல் போகாதபடி கவர்னர் கட்டிய டீசலால் அது முடியாது. ஆக்ஸிலை 3.5-க்கு மாற்றினால் 2450 சுற்று. கியர்பாக்ஸில் 0.75 ஓவர்டிரைவ் இருந்தால் 1840 சுற்று. அங்கேதான் டீசல் சொகுசாக இழுக்கும் இடம். கையால் மாற்றும் ஐந்து கியர் பெட்டி இந்தக் கதைக்குள் நுழைவதும் இந்தக் கணக்கின் வழியாகத்தான். முதல் ராம் டீசலில் கிடைத்த ஆட்டோமேட்டிக், ஓவர்டிரைவ் இல்லாத மூன்று கியர் பெட்டி. கெட்ராக் ஐந்து கியர் மேனுவலில் ஓவர்டிரைவ் இருந்தது. அடுத்து வந்த என்வி4500 இரும்புப் பெட்டியின் முதல் கியர் 5.61-க்கு ஒன்று, மரத்தை வேரோடு இழுக்கும் அளவு. அதற்கும் ஒரு குறை உண்டு. டீசலின் முறுக்கு அதிர்வில் ஐந்தாம் கியரைப் பிடிக்கும் நட் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். அந்த ஒரு நட்டுக்கென்றே பூட்டு வகைகள் கடையில் விற்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. பிற்கால ஆட்டோமேட்டிக் பெட்டிகள் கணினியோடு பேசினால்தான் கியர் மாறும். மெக்கானிக்கல் பம்புள்ள பழைய டீசலை ஓடவைக்க, எண்ணெயைத் திறந்து மூடும் ஒரு ஒயர் போதும். அதன் பின்னால் கிளட்சும் கம்பியும் போதும். அதாவது இந்த ஜோடியின் சிறப்பு பழமை அல்ல. யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒன்றோடொன்று இணையும் தன்மைதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மூன்று பொருட்படுத்தத் தக்கவை. முதலாவது, காசு. அமெரிக்காவில் இருபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் டீசல் பெட்ரோலைவிட விலை அதிகம். எஞ்சின், பெட்டி, ஆக்ஸில், கூலி எல்லாம் போட்டுவிட்டு எண்ணெயில் மிச்சம் பிடிப்பேன் என்பது நடக்காத காரியம். இந்தியாவில் 2014 அக்டோபர் வரை அரசு டீசல் விலையைப் பிடித்து வைத்திருந்ததால்தான் ஜீப் மாற்றுவேலைக்குக் கட்டுப்படியானது. இந்த மறுப்பை முழுதாக ஒப்புக்கொள்ளலாம். சேமிப்புக்காக இதைச் செய்பவர் கணக்குத் தெரியாதவர். இரண்டாவது, பாதுகாப்பு. அதற்கான பதில் மேலே சொன்ன ஸ்பிரிங்கிலும் பிரேக்கிலும் இருக்கிறது. டாட்ஜ் பொறியாளர்கள் செய்ததையெல்லாம் செய்தால்தான் அது ஒட்டு, எஞ்சினை மட்டும் திணித்தால் அது ஓல்ட்ஸ்மொபீல். மூன்றாவதுதான் கனமானது: புகை. மெக்கானிக்கல் பம்பு டீசல் கக்கும் கரியும் நைட்ரஜன் ஆக்சைடும் நுரையீரலுக்குள் போகின்றன. ஒருவரின் விருப்பத்துக்கு ஊர் மூச்சு விலை கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் கொள்கை இதற்கு ஒரு நேர்மையான கோடு போடுகிறது: மாற்றிய பிறகு வண்டி, தன் மாடல் ஆண்டிலோ அதற்குப் பிந்தைய ஆண்டிலோ சான்று பெற்ற ஒரு வடிவத்துக்கு ஒத்திருக்க வேண்டும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. தில்லிப் பகுதியில் பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்ற வரம்பை அதே நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அந்த வரம்பின்படி, அங்கே பெட்ரோல் ஜீப்பில் டீசல் ஏற்றியவர் வண்டியின் ஆயுளைக் கூட்டவில்லை, ஐந்து ஆண்டு குறைத்தார். இந்த விதிகள் வாதத்தைப் பொய்யாக்கவில்லை. ஒட்டுக் கட்டும் உரிமைக்கு எல்லை எது என்பதைச் சொல்கின்றன. அந்த எல்லைக்குள் செய்வதுதான் முறை.

கடைசியாக ஒரு ஏளனம் மிஞ்சுகிறது: இதெல்லாம் பழைய நினைவில் வாழ்பவர்களின் வேலை. நினைவு இருக்கலாம், ஆனால் அதற்கு ஒரு திட்டவட்டமான காரணம் இருக்கிறது. 1998-இல் 6பிடி சேர்ந்த கம்மின்ஸ் பி வரிசை 24 வால்வுக்கு மாறியபோது பம்பு மின்னணு ஆனது. 2003-இல் காமன் ரெயில் வந்தது. எஞ்சின் சுத்தமானது, சக்தி பெருகியது, சத்தம் குறைந்தது. கூடவே அந்த எஞ்சின் தன் சொந்த வண்டியின் கணினிகளைத் தவிர வேறு எங்கும் எளிதில் உட்காராத ஒன்றாகவும் ஆனது. யாருடைய வண்டியிலும் ஏறுவதற்காகப் பிறந்த எஞ்சின் ஒரே வண்டியின் உறுப்பாகிவிட்டது. கைக் கியரும் ஒவ்வொன்றாக விடைபெற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கனரக பிக்கப்புகளில் 2006-ஓடும், ஃபோர்டு 2010-ஓடும், ராம் 2018 மாடலோடும் அதை நிறுத்தின. இன்று அமெரிக்காவில் டீசல் எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் சேர்ந்த புதிய பிக்கப் ஒன்றுகூட விற்பனையில் இல்லை. அது வேண்டுமென்றால், 1929-இல் கம்மின்ஸ் செய்ததைத்தான் செய்ய வேண்டும்: பழைய வண்டி ஒன்று, வேறு எதற்கோ செய்த எஞ்சின் ஒன்று, நடுவில் பொருந்தும் ஒரு பெல் ஹவுசிங்.